பட்டமும் பலகையும் கரைக்காற்றும்



பட்டம் விடுகிற சிறுவனிடம், "உனக்குக் காற்று எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டால், "நூல் இழுக்கிற அளவு வேண்டும்" என்பான். அவன் சொல்வது சரியே. அவன் தரையில் நிற்கிறான். காற்று மிஞ்சினால் நூலைக் கைவிடலாம். குறைந்தால் நூலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பட்ட விளையாட்டில் அந்தச் சௌகரியங்கள் இரண்டும் இல்லை. இதில் பட்டம் விடுகிறவன் கடலுக்குள் இருக்கிறான். பட்டம் அவனுடைய இடுப்பிலே பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து நேரும்போது அதை அவிழ்த்துவிட ஒரு விசை உண்டு. ஆனால், அவிழ்த்த பிறகு கரைக்கு நீந்த வேண்டியவன் அவன்தான்.

கைட் சர்ஃபிங் என்பது இந்த விளையாட்டின் பெயர். பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள, காற்றடைத்த விளிம்புடைய ஒரு பட்டம். இருபது மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள கயிறுகள். காலடியில் ஒரு பலகை. இவ்வளவுதான் கருவி. இதற்கு மூத்தது விண்ட் சர்ஃபிங். பலகையின் மேல் எத்திசையிலும் சாய்க்கக்கூடிய ஒரு பாய்மரத்தை நிறுத்தி, அதைக் கையாலேயே பிடித்துச் செலுத்துவது அது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹாயில் சுவைட்சர் என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினர். 1984ஆம் ஆண்டில் அது ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்றது. அதே 1984ஆம் ஆண்டில்தான் பிரான்சு தேசத்து லெகேன்யூ சகோதரர்கள், நீரில் விழுந்தாலும் அமிழாமல் மிதந்து மீண்டும் எழக்கூடிய காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரினர். பட்டப்பலகை ஒலிம்பிக்கில் நுழைந்தது 2024ஆம் ஆண்டில். பாரிசு ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் மார்சேல் துறைமுக நகரில் நடைபெற்றன. உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் அங்கே கூடியிருந்தார்கள், காற்றுதான் வரவில்லை. பந்தயங்கள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டன. காற்று யாருக்கும் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேடவேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இராமேசுவரத்தை அடுத்த கடற்கரைகளிலும் தூத்துக்குடியிலும், அக்கரையில் இலங்கையின் கற்பிட்டியிலும் இவ்விளையாட்டு வேரூன்றியிருக்கிறது. அதைக் கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. நான் வகுப்பறையில் பூகோளமும் விஞ்ஞானமும் கற்பித்தவன். காற்று எங்கிருந்து வருகிறது, நாளை வருமா, எந்த வேகத்தில் வரும் என்பதை முன்னறியும் வழியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விளையாடப் போகாதவர்களும் கேட்கலாம். காற்று எல்லாருக்கும் பொது.

முதலில் ஒரு சிறு கணக்கு. பாயின் மேலும் பட்டத்தின் மேலும் காற்றுச் செலுத்தும் விசை, காற்றின் வேகத்தைப் போல் பெருகுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் போல் பெருகுகிறது. காற்று இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. முன்னறிவிப்பு 15 நாட் என்று சொல்லி, உண்மையில் 25 நாட் வீசினால், வேகத்தில் பிழை பத்து நாட்தான். இழுப்பிலோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டு காற்றுக்கும் உள்ள வேற்றுமை, துணி உலரும் நேரத்தில்தான் தெரியும். பட்டத்தோடு பிணைக்கப்பட்டவனுக்கு அது பலகையில் நிற்பதற்கும் ஆகாயத்தில் தூக்கப்படுவதற்கும் உள்ள வேற்றுமை.

நாட் என்றேன். அது ஒரு மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். வானிலை அறிக்கைகளில் சில கிலோமீட்டரிலும், சில நாட்டிலும், சில வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் சொல்லும். வினாடிக்குப் பத்து மீட்டர் என்றால் 36 கிலோமீட்டர் வேகம். நாட்டில் 19க்குச் சற்று மேல். பத்து என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பத்து நாட் என்று எண்ணிப் பெரிய பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன், எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு இழுப்பைச் சந்திப்பான். அலகைக் கவனியாமல் விடை எழுதும் மாணவனுக்குப் பள்ளியில் அரை மதிப்பெண் குறையும். கடல் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை.

இனிக் காற்றின் பிறப்புக்கு வருவோம். கரையில் நாம் உணர்கிற காற்று ஒன்றே போலத் தோன்றினாலும், அது பெரும்பாலும் இரண்டு காற்றுகளின் கூட்டு. ஒன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகிற பருவக்காற்று. மற்றொன்று, காலையில் பிறந்து மாலையில் மடிகிற உள்ளூர்க் கடற்காற்று. முன்னதை வரைபடம் சொல்லும். பின்னதைக் கரையின் மணலும் வெயிலும் சொல்லும். இரண்டையும் கூட்டத் தெரிந்தவனே முன்னறிவிப்பாளன்.

பருவக்காற்றை அறிய எளிய விதி ஒன்று உண்டு. ஆலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் 1857ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பூமியின் வடபாதியில் இருக்கிறவர்களுக்கு, அப்போது இடக்கைப் பக்கத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். ஜூலை மாதத்தில் இராமேசுவரத்தில் தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் வடகிழக்கை நோக்கும். இடக்கை வடமேற்கைக் காட்டும். அந்தத் திசையில், வெகு தொலைவில், இராசபுதனத்துக்கும் சிந்துவுக்கும் மேலே வெயிலால் காய்ந்த காற்று இலேசாகி எழும்பிக் குறைந்த அழுத்தம் நிலைகொண்டிருக்கிறது. நம்மிடம் வீசுகிற காற்று அந்தப் பாலைவனத்துக்கு அடங்கியது! மார்கழியில் வாடைக்கு முதுகு காட்டி நின்றால் இடக்கை தென்கிழக்கைச் சுட்டும். அப்போது குறைந்த அழுத்தம் நிலநடுக்கோட்டுப் பக்கம் போயிருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகே வசிப்பதால் இவ்விதி நம்மிடத்தில் ஐரோப்பாவில் போல அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை. ஆயினும் திசை தெரிய இது போதும். வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் நெருங்கி வந்தால் காற்று வலுக்கும். விலகிப் போனால் தளரும். வங்காள விரிகுடாவின் வடபகுதியில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், நம் தென்கோடியில் மழை ஒரு துளி விழாவிட்டாலும் தென்மேற்குக் காற்று வலுத்துவிடுவதைப் பலமுறை காணலாம்.

அந்தத் தென்மேற்குக் காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய சுவர். சுவரில் சில வாயில்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் பெரியது. செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை சிறியவை. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவிலுள்ள சந்தில் காற்று எவ்வாறு சீறிக்கொண்டு வருகிறதோ, அவ்வாறே மலையில் முட்டிய காற்று இந்த வாயில்களில் நெருக்குண்டு விரைகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்குக் காரணம் இதுவே. அதற்கு அப்பால், தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கையின் நடுமலைகளுக்கும் இடையே மன்னார் வளைகுடாவே ஒரு பெரிய சந்தாக அமைந்திருக்கிறது. அதன் குறுகிய முனையில் இருப்பவை மண்டபமும் பாம்பன் தீவும் மன்னார்த் தீவும். ஆகையால்தான் கற்பிட்டிக்கும் இராமேசுவரத்துக்கும் பட்டப்பலகைக்காரர்கள் தேடிவருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது நம் மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. காற்றுக்கெல்லாம் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கு, கொண்டல், தெற்கு, தென்றல், மேற்கு, கோடை. யாழ்ப்பாணத்தார் தென்மேற்குக் காற்றைச் சோழகம் என்பர்; மேற்குக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். பெயர் இருக்கிறதென்றால் பின்னால் அனுபவம் இருக்கிறது என்பது பொருள்.

இங்கே மிக முக்கியமான ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாம்பன் தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு, தனுஷ்கோடியில் ஊசிபோல் மெலிந்து முடிகிறது. ஆகவே, அதற்குத் தென்கரை ஒன்று, வடகரை ஒன்று. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கரையில் கடல் பொங்கும். வடகரையிலோ நீர் குளம்போல் தட்டையாக இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். புதிதாகக் கற்க வருகிற இளைஞன் எந்தக் கரையை விரும்புவான்? அலையில்லாத கரையைத்தானே? காற்றும் அங்கே வீசுகிறது. நீரும் அமைதியாக இருக்கிறது. பார்வைக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. ஆனால், அந்த நீர் அமைதியாக இருப்பதற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான்! அலை எழும்பக் காற்று நெடுந்தூரம் நீரின்மேல் ஓடவேண்டும். கரையோரத்தில் அது இப்போதுதான் நீரில் காலடி வைத்திருக்கிறது. அங்கே பட்டம் விழுந்து, கயிறு சிக்கி, எழுப்ப முடியாமற்போனால், காற்று அவனைக் கரையில் ஒதுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும். போகப்போக அலை வளரும். கரையிலிருப்பவர் கண்ணுக்குத் தலை தெரியாது. ஜூலை மாதத்தில் இராமேசுவரத்து வடகரையிலிருந்து காற்றின் போக்கில் மிதப்பவன் வடகிழக்காகப் போவான்; அந்தப் பக்கத்தில் கச்சத்தீவும், 1974ஆம் ஆண்டு உடன்பாட்டில் வகுத்த நாட்டெல்லையும் இருக்கின்றன. கலங்கிய கடலுள்ள தென்கரையிலோ, விழுந்தவனை அதே காற்று கரையில் கொண்டுவந்து சேர்க்கும்; அவனுக்கு உப்புநீர் குடித்த நோவும் சிராய்ப்பும்தான் மிஞ்சும். கரைக்கு ஏறக்குறைய இணையாக, சற்றுக் கரைப்பக்கம் சாய்ந்து வீசுகிற காற்றே சிறந்தது. காற்று வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் திசையைக் கேட்கவேண்டும். வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களே மிகுதி என்பது என் வருத்தம். வடகரையில் கற்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொறுப்புள்ள ஆசிரியர்கள் அங்கே மீட்புப் படகு ஒன்றை எந்நேரமும் தயாராக வைத்துக்கொண்டுதான் கற்பிப்பார்கள். படகு இல்லாத இடத்தில் அந்த அமைதியான நீரை நம்பவேண்டாம்.

கடற்காற்றின் கதை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வெயிலில் நிலம் விரைவில் சூடேறுகிறது, கடல் மெதுவாக. நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகி எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் இது மாறி, நிலக்காற்றாகிறது. பாடப்புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆனால், எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதுதானே கேள்வி? அதற்குப் பருவக்காற்றைப் பார்க்கவேண்டும். பருவக்காற்றும் கடலிலிருந்தே வருமானால், கடற்காற்று அதனோடு கூடிப் பிற்பகலில் வலுக்கும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தில் கோடைக்காலப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து வருகிற கடற்காற்றை 'பிரிமாண்டில் வைத்தியர்' என்று அழைக்கிறார்கள். வெப்பத்தால் வாடியவர்களுக்கு மருந்துபோல் வருவதால் அந்தப் பெயர். பாய்ப்பலகைக்காரர்களுக்கு அது கடிகாரம் போல நம்பகமானது. பருவக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசினாலோ, இரண்டும் மல்லுக்கு நிற்கும். சென்னை நகரத்தார் இதை ஒவ்வோர் ஆண்டும் அனுபவிக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று வலுவாக இருக்கும் நாளில், கடற்காற்று நண்பகலுக்கு வரவேண்டியது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வரும். சில நாள் வராமலே போகும். அப்போது வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். வந்துவிட்டால், கடற்கரைச் சாலையில் நிற்பவர் ஐந்து நிமிடத்தில் சட்டை குளிர்வதை உணர்வார். கரையில் நிற்கிற பட்டப்பலகைக்காரனுக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. காலையில் நிலத்திலிருந்து வீசிய காற்று, நண்பகலில் ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையில் எழலாம். ஒரே நாளில் ஒரே இடம் ஆபத்தாகவும் பத்திரமாகவும் இருக்கக்கூடும்.

இவ்வளவையும் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்று துணிந்தவர் ஓர் ஆங்கிலேயர்; லூயிஸ் ரிச்சர்ட்சன் என்பது அவர் பெயர். முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றோரைச் சுமக்கும் வண்டிப் பிரிவில் தொண்டு செய்துகொண்டே, இடைநேரங்களில், 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி ஐரோப்பாவில் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மாறியிருக்கவேண்டும் என்பதைப் பௌதிக விதிகளைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். அவருக்கு வந்த விடை 145 மில்லிபார். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை! இப்படி ஒரு விடையைக் கண்டால் நம்மில் பலர் தாளைக் கிழித்திருப்போம். அவர் 1922ஆம் ஆண்டில் அதை ஒளிக்காமல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் வழி சரி. தொடக்க எண்களில்தான் கோளாறு. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் ஆகிய மூவர், எனியாக் என்னும் பெரிய கணிப்பொறியைக் கொண்டு அம்முறையை எளிமையாக்கிச் செய்துகாட்டினர். ஒரு நாள் முன்னறிவிப்புக்குக் கணக்கிடவே ஏறக்குறைய ஒரு நாள் ஆயிற்று. இன்று அத்தகைய கணக்குகளின் விடை உங்கள் கைப்பேசியில் கண்ணிமைப்பதற்குள் வந்து நிற்கிறது. கணக்கிட்டவர்களுடைய உழைப்பு அதில் தெரிவதில்லை. ஆகையால் அதன் வரம்பும் தெரிவதில்லை.

அந்த வரம்பைச் சொல்கிறேன். கணிப்பொறி பூமியைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. உலகம் முழுவதையும் கணக்கிடும் பெரிய முறைகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஒன்பது முதல் பதின்மூன்று கிலோமீட்டர் வரை இருப்பது வழக்கம். இந்திய வானிலைத் துறை 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய முறையில் அது ஆறு கிலோமீட்டர். நுட்பமான வேலைதான். ஆனால், தனுஷ்கோடி மணல்திட்டு ஆறு கிலோமீட்டர் அகலம் இல்லையே! கட்டத்தின் கணக்கில் அது வெறுங்கடல். மணல் சூடேறுவதும், சவுக்குத் தோப்பு காற்றை மறைப்பதும் அங்கே பதிவாவதில்லை. தோப்போ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரம் வரை, சில வேளை அதற்கு மேலும், காற்று சுழன்று குழம்பும். தவிர, முன்னறிவிப்பில் சொல்லப்படும் வேகம் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கு உரியது, அதுவும் சராசரி. பட்டம் அதற்கு மேலும் பறக்கிறது. உயரப் போகப்போகக் காற்று வலுக்கிறது. சராசரிக்கும் இடையிடையே வருகிற வீச்சுக்கும் உள்ள தூரத்தையும் பார்க்கவேண்டும். 'சராசரி 16, வீச்சு 19' என்றால் அது ஒழுங்கான காற்று. 'சராசரி 16, வீச்சு 28' என்றால் அது முரட்டுக் காற்று. எண் ஒன்றேயானாலும் நாள் ஒன்றன்று. பிற்பகலில் காய்ந்த நிலத்தைக் கடந்து வரும் காற்று இப்படித்தான் முரடாக வரும். நிலத்தின் வெப்பம் மேற்காற்றைக் கலக்கிக் கீழே இறக்கிவிடுவதே அதற்குக் காரணம். நெடுங்கடலைக் கடந்து வரும் காற்று பெரும்பாலும் சீராக இருக்கும்.

கணிப்பொறி கைவிடுகிற மற்றோர் இடம் இடிமழை மேகம். தென்மேற்குப் பருவம் தளர்ந்து, வடகிழக்குப் பருவம் பிறவாத புரட்டாசிப் பிற்பகல் ஒன்றில், மண்டபத்துக்கு அருகே, என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் பட்டத்தை விரித்துக்கொண்டிருந்தார். இன்று அவர் பொறியியல் பட்டதாரி. மூன்று வெவ்வேறு முன்னறிவிப்புகளைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். மூன்றும் 12 முதல் 14 நாட் என்றன. மூன்றும் ஒத்துப்போவதில் அவருக்கு மகிழ்ச்சி. படகுக்கு அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, அந்தப் பெட்டியை உள்ளே வையுங்க. மேற்கே பாருங்க" என்றார். மேற்கே, இராமநாதபுரத்தின் திசையில், காலிப்பூப் போல் மேலெழுந்த மேகம் ஒன்றன் அடிப்பகுதி மைபோல் கறுத்திருந்தது. "அது ரொம்பத் தூரத்தில் இருக்கிறதே, ஐயா" என்றார் இளைஞர். "மழை தூரத்தில்தான். காத்து முன்னாடி வரும்" என்றார் பெரியவர். இளைஞர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பட்டத்தின் காற்றைத் திறந்துவிட்டு மணலைப் போட்டு அமுக்கினார். அதுவரை தெற்கிலிருந்து வீசிய காற்று திடீரென்று நின்றது. கால்மணி நேரத்துக்குள், மேற்கிலிருந்து நீரின்மேல் ஒரு கரிய கோடு ஓடிவந்தது, கூடவே குளிர். அடுத்த நிமிடத்தில் மணல் கண்ணைத் திறக்கவிடவில்லை. கரையில் கவிழ்த்துவைத்திருந்த கூடைகள் உருண்டன. கைப்பேசி அப்போதும் 14 நாட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கே நடந்தது என்ன? மேகத்திலிருந்து விழுகிற மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகித் தொப்பென்று தரையில் விழுந்து, கொட்டிய நீர்போல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. மழை எட்டாத தூரத்துக்கும் அந்தக் காற்று எட்டும். சில நிமிடங்களில் காற்று மும்மடங்காகலாம். மும்மடங்கு காற்று ஒன்பது மடங்கு இழுப்பு என்பதை முன்பே சொன்னேன். பெரியவர் இந்தப் பௌதிகத்தைப் படித்தவரல்லர். என் மாணவர் படித்தவர். ஆனால் படித்ததை மேற்கு வானத்தில் பார்க்கவில்லை. எதிர்பார்த்த காற்று திடீரென ஓய்வதும், நீரின்மேல் கரிய கோடு தோன்றுவதும், குளிர்ச்சி பரவுவதும் அடையாளங்கள். இடி கேட்டால் மின்னலும் உண்டு. நனைந்த கயிற்றின் நுனியில் வானத்திலே ஒரு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அது நேரமன்று.

அரசாங்க எச்சரிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலைத் துறை மீனவர்களுக்கென்று நாள்தோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று' என்று அதில் கேட்டிருப்பீர்கள். 55 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 30 நாட். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் அலையின் உயரத்தையும் காற்றையும் கரைதோறும் சொல்கிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டுகள் ஒன்று முதல் பதினொன்று வரை எண் பெற்றவை. பழைய பாம்பன் இரயில் பாலத்தில் காற்றுமானி ஒன்றை வைத்து, வேகம் 58 கிலோமீட்டரை எட்டினால் கைகாட்டி விழாதபடி செய்திருந்தார்கள். பல நூறு டன் எடையுள்ள இரயில் வண்டியே காற்றுக்கு மரியாதை செய்து நின்ற இடம் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் வந்த புயல், தனுஷ்கோடி நகரத்தையும், அதை நோக்கிச் சென்ற பயணி வண்டியையும் கொண்டுபோயிற்று. அந்த வண்டியில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று இளைஞர்கள் பட்டம் ஏற்றுகிற மணல் அந்த ஊரின் மணல்தான்.

கருவி எதுவும் இல்லாமல் காற்றை அளக்க முடியுமா என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போபர்ட் 1805ஆம் ஆண்டிலேயே வழி சொன்னார். காற்றைச் சுழியம் முதல் பன்னிரண்டு வரை தரம் பிரித்தார். அவர் அளவுகோல் கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்பது. பின்வந்தவர்கள் கடலின் தோற்றத்தையும் மரங்களையும் அதில் சேர்த்தார்கள். கடலில் ஆங்காங்கே சில வெண்ணுரைத் தலைகள் தெரிந்தால் மூன்றாம் தரம், 7 முதல் 10 நாட். அடிக்கடி தெரிந்தால் நான்கு. 11 முதல் 16 நாட். கரையில் புழுதியும் காகிதத் துண்டும் பறக்கும். எங்கும் வெண்ணுரை என்றால் ஐந்து. 17 முதல் 21 நாட். குடை பிடிக்க முடியவில்லை, பெரிய கிளைகள் ஆடுகின்றன என்றால் ஆறு. 22 முதல் 27 நாட். நிலத்திலிருந்து வீசும் காற்றாயின், கரையோர நீரைப் பார்த்து ஏமாறாமல், தொலைவில் உள்ள நீரைப் பார்க்கவேண்டும்.

கடற்கரையூர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்பவர்கள் இப்படி ஒரு குறிப்பேடு தொடங்கலாம். முதல் நாள் மாலை, மறுநாளுக்கான முன்னறிவிப்பை எழுதுங்கள்: திசை, சராசரி, வீச்சு. மறுநாள் காலை எட்டு மணி, நண்பகல், பிற்பகல் நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் கரையில் நின்று, போபர்ட் தரத்தையும் திசையையும் நீங்களே மதிப்பிட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். மேகத்தின் நிலையை ஒரு வரியில் குறியுங்கள். மாத முடிவில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கூட்டிச் சராசரி எடுங்கள். உங்கள் கரையில் முன்னறிவிப்போடு காலையில் எத்தனை நாட் கழிக்கவேண்டும், பிற்பகலில் எத்தனை கூட்டவேண்டும் என்பது தெரியவரும். பக்கத்துக் கரையில் அந்த எண் வேறாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியவுடன் பழைய எண்ணை வைத்துக்கொண்டிராமல், புதுப் பக்கத்தில் கணக்கை மறுபடியும் தொடங்கவேண்டும். அருகே மீன்பிடிக்கும் பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் அன்று கடலுக்குப் போனாரா இல்லையா என்பதற்கும் ஒரு பத்தியை ஒதுக்கி வையுங்கள்.